பனியில் ஓடும் ஆலங்குடி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குரு பகவான் ஆலங்குடி இல்லை. அது திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் பக்கம். குருப்பெயர்ச்சிக்கு டி.வி.யில் வருமே, அந்த ஊர். நான் சொல்வது புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் திருவரங்குளம், வம்பன் எல்லாம் தாண்டி, சுமார் இருபது கிலோமீட்டரில் வருகிற ஆலங்குடி. தாலுகா ஆபீஸ், கோர்ட், பஸ் ஸ்டாண்டு, நாமபுரீஸ்வரர் கோயில் என்று தன் பாட்டுக்கு இருக்கிற ஊர். ஆனால், "ஆலங்குடி போறேன்" என்று சென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்... "அப்படியே எனக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க ஸார். குரு பார்வை இல்லாம ரெண்டு வருஷமா இன்க்ரிமென்ட்டே வரல" என்பார்கள். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, பெயர், நட்சத்திரத்தை எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

இந்த ஆலங்குடியைப் பார்க்க ஒரு சீஸன் உண்டு. மார்கழிக் கடைசியும் தை முதல் பாதியும்.

குளிர்கால விளையாட்டு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சுவிட்சர்லாந்து. வெள்ளைப் பனியில் காலில் கட்டை கட்டிக்கொண்டு சறுக்குவார்களே... நம்ம ஹீரோயின்கள் ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஆடுவார்களே, அந்த இடம். ஆலங்குடியில் அந்த மாதிரிப் பனி கிடையாது. தை மாத விடியற்காலையில் இருபது டிகிரி பக்கம் இறங்கும், அவ்வளவுதான். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். டெல்லிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு "அப்பாடா" என்பார். ஆனால், சித்திரையில் தார் ரோடு இளகி செருப்பைப் பிடித்துக்கொள்கிற ஊரில், இருபது டிகிரி என்பது குளிர்தான். டீக்கடை பெஞ்சில் வரிசையாக மங்கி குல்லாக்கள். ஒரு பெரியவர் தலையோடு போர்த்தியிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்தவை இரண்டே... ஒரு மூக்கு, ஒரு பீடி.

இந்த ஊருக்கு விளையாட்டு ஏன் குளிரில் வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆயிரக்கணக்கில் கண்மாய்கள்தான். அவையும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருப்பவை. மழை முடிந்து மார்கழி வந்தால் கண்மாயில் தண்ணீர் நிற்கும், வரப்பில் புல் நிற்கும், அறுவடைக்கு நெல் நிற்கும். மனுஷனுக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். முக்கியமாக, மண் இளகி இருக்கும். கீழே விழுந்தால் அடி கொஞ்சம் குறைவாகப் படும். நம் முன்னோர் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்களா என்று தெரியாது. விழுந்தவர்கள் யோசித்திருப்பார்கள்.

மார்கழி பிறந்தால் இங்கே காளைகளுக்கு கோச்சிங் கிளாஸ் ஆரம்பம். காலையில் கண்மாய்க் கரைக்குப் போனால் பார்க்கலாம். தண்ணீருக்கு மேலே ரெண்டு கொம்பு, ஒரு மூக்கு மட்டும் மிதந்து வரும். பின்னாலேயே கயிற்றைப் பிடித்தபடி ஒரு இளவட்டம் நீந்தி வருவான். குளம்பு தேயாமல், கால் வலிக்காமல், தம் கூடுவதற்கு நீச்சல்தான் மருந்தாம். கரை ஏறியதும் அடுத்த பீரியட், மண் குத்துதல். ஈரச் செம்மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்கள். காளை அதைப் பார்த்து ஒரு தடவை உறுமுகிறது, தலையைத் தாழ்த்துகிறது, அவ்வளவுதான்... அரை நிமிஷத்தில் குவியல் இல்லை. என் வெள்ளைச் சட்டையில் பாதிக் குவியல் இருந்தது. மூன்றாவது பீரியட் நடை. பழைய டி.வி.எஸ். ஃபிப்டியில் ஒருவர் முன்னால் போக, காளை பின்னால் கம்பீரமாக நடக்கிறது. வண்டிதான் திணறுகிறது.

பருத்தி விதை, கடலைப் புண்ணாக்கு, உளுந்தம் பொட்டு, சில வீடுகளில் பேரீச்சம்பழம்கூட. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த அம்மா என்னைத்தான் முறைத்திருப்பார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். காமர்ஸ் படித்தவன் என்பதால் எதைப் பார்த்தாலும் லெட்ஜர் போட்டுப் பார்ப்பேன். மாட்டுக்காரர் ஒருவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, இந்த மாடு என்ன விலை போகும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க அப்பாவ என்ன வெலைக்குத் தருவீங்க தம்பி?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்லண்ணே, தீவனச் செலவு, ஆள் செலவு, வேன் வாடகை எல்லாம் போக..." என்று இழுத்தேன்.

"மாட்டுக்குக் கணக்கு எழுதுனா வீட்ல குடித்தனம் பண்ண முடியாது. அதான் எழுதுறதில்ல."

சரி, அவர் எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுகிறேன். பற்று: வருஷம் முழுக்கத் தீவனம், ஊர் ஊராகப் போக வேன் வாடகை, டாக்டர் சர்ட்டிபிகேட், கூட வருகிற பத்துப் பேருக்குப் பரோட்டா. வரவு: மாடு பிடிபடாமல் போனால் ஒரு அண்டா. அல்லது கட்டில். அல்லது சைக்கிள். நாளின் சிறந்த காளை என்று பெயர் வாங்கினால் பெரிய இடங்களில் காரோ பைக்கோ கிடைக்கும். ஆனால் அது லாட்டரி. ஆக, பேலன்ஸ் ஷீட் எப்படிப் புரட்டினாலும் டாலி ஆகாது. ஆனால், 'அவரு மாடு இதுவரைக்கும் பிடிபட்டதில்ல' என்று டீக்கடையில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காமர்ஸில் அதற்குப் பெயர் 'குட்வில்'. கையால் தொட முடியாத சொத்து. இங்கே அதை யாரும் தொடாமல் இருந்தால்தான் சொத்து!

* * *

தை பிறந்ததும் வன்னியன்விடுதிக்குப் போனோம். ஆலங்குடி தாலுகாவில் பேர் சொல்கிற ஜல்லிக்கட்டு. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை என்பார்கள். சீஸனில் இந்த மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு வாடி.

ஜல்லிக்கட்டு பழசு, ஆபீஸ் உலகம் புதுசு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. மாட்டுக்கு ஆன்லைனில் பதிவு. போட்டோ, டோக்கன், கால்நடை டாக்டரின் தகுதிச் சான்று. பிடிக்கிற ஆளுக்கும் மெடிக்கல் செக்கப், நம்பர் போட்ட கலர் பனியன், பேட்ச் பேட்ச்சாக ஷிப்ட் முறை. ரெண்டு பக்கமும் தடுப்பு வேலி, களத்தில் தேங்காய் நார் மெத்தை, ஆம்புலன்ஸ், அதிகாரிகள் முன்னால் உறுதிமொழி. என்னைக் கேட்டால், சில ஆபீஸ்களில் ஆள் எடுப்பதற்குக்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.

முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் தொடுவதில்லை. வீரர்கள் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார்கள், அதுவும் வி.ஐ.பி. மாதிரி யாரையும் பார்க்காமல் போகிறது. அப்புறம்தான் ஆட்டம். வாடிக்கு உள்ளே மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட, காளை வெளியே பாய்கிறது. திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். கொம்பு, வால், கால் எல்லாம் பவுல். திமிலைத் தழுவிக்கொண்டு பதினைந்து மீட்டர், அல்லது முப்பது வினாடி, அல்லது மூன்று துள்ளல்... இதில் ஒன்றைத் தாங்கினால் ஆள் ஜெயித்தான். முப்பது வினாடிதானே என்று வீட்டில் உட்கார்ந்து நினைக்கலாம். பல காளைகள் மூன்று வினாடிகூடக் கொடுப்பதில்லை.

"மாடு ஜெயிச்சிருச்சு! மாட்டுக்காரரு எங்கருந்தாலும் வந்து அண்டாவ வாங்கிக்கங்க!" என்று மைக் அலறுகிறது. பரிசுப் பொருள்களின் பேனரில் பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிங்கப்பூர், துபாய். லீவு கிடைக்காதவர்கள் அண்டாவாக வந்திருந்தார்கள்.

இந்த விளையாட்டு கோர்ட் படி ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை, 2017 ஜனவரியில் மெரினா, அதை ஒட்டி மாநிலச் சட்டத் திருத்தம், 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது. அது முடிந்த வழக்கு. ஆனால், முடியாத ஒன்று இருக்கிறது. இதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில் விராலிமலை. 2019 ஜனவரி 20 அன்று அங்கே 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்று கொண்டாடினார்கள். அதே நாளில், அதே இடத்தில் ரெண்டு பேர் மாடு முட்டி இறந்தார்கள். சாதனைச் சான்றிதழில் அதற்கு இடம் இருக்காது.

என் அபிப்பிராயத்தைச் சொல்லட்டுமா? ஆபத்தான இடம் வாடிவாசல் இல்லை. அங்கே நிற்கிறவனுக்கு மாடு வருவது தெரியும், பக்கத்தில் டாக்டர் இருக்கிறார். ஆபத்து, களத்தைத் தாண்டி மாடு ஓடி வந்து நிற்கிற இடத்தில். சொந்தக்காரர்கள் கயிறோடு காத்திருக்கிற அந்தப் பொட்டலில், மிரண்டுபோன காளைக்கு யார் எஜமான், யார் வேடிக்கை என்று தெரியாது. அங்கே ஒரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அவர்களுக்குத் திமிலும் இல்லை, அண்டாவும் இல்லை.

அதே பொட்டலில்தான் ஒரு காட்சி. களத்தில் நாலு பேரை உதறிவிட்டு வந்த காளை, வாயில் நுரை தள்ள நின்றது. பத்து வயசு இருக்கும், ரெட்டை ஜடை போட்ட பெண், "வாடா, போதும்... வீட்டுக்கு வா!" என்று அதட்டிக் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். அது தலையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது. இந்தக் காட்சிக்கு நாலு பஸ் மாறிப் போகலாம்.

* * *

ஜல்லிக்கட்டு இல்லாத நாளில் மாட்டு வண்டிப் பந்தயம். கோயமுத்தூர்ப் பக்கம் ரேக்ளா என்று 200 மீட்டர், 300 மீட்டர் ஓடவிட்டு, வினாடிக் கணக்கில் பார்ப்பார்கள். இங்கே அந்த அவசரமெல்லாம் இல்லை. எல்லைப் பந்தயம். ஒரு எல்லை வரை போய்த் திரும்பி வர வேண்டும். தூரம் இன்றைக்கும் மைலில்தான். "போக வர எட்டு மைல்" என்கிறார்கள். நாடு கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மாடுகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலும்!

கிரிக்கெட்டில் அண்டர்-19 மாதிரி இங்கே பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். என்ன பேர் பாருங்கள், பூஞ்சிட்டு! ஓட்டுகிறவர் 'சாரதி'. மகாபாரதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சம்பளமில்லாமல் காப்பாற்றி வருகிறவர்கள் இவர்கள்தான். கூடவே ஒரு துணை சாரதி. வண்டியோடு ஓடுவார், ஏறுவார், குதிப்பார், மறுபடி ஓடுவார். எனக்கு என்னவோ பரிசில் முக்கால் பங்கு அவருக்குத்தான் சேர வேண்டும் என்று படுகிறது. பின்னாலேயே நூறு பைக்குகள் ஹாரனோடு. மாடுகள்கூட ரோட்டில் தன் பக்கத்தில் போகின்றன. பைக்குகள்தான் போவதில்லை.

பொங்கல் விளையாட்டு விழாவைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் இதேதான். கோலப் போட்டி, உறியடி, வழுக்கு மரம், ஸ்லோ சைக்கிள். ஸ்லோ சைக்கிளில் ஒரு அரசு ஊழியர் முதல் பரிசு வாங்கினார். கூட்டத்தில் ஒருவர், "வேற யாரு வாங்குவாக?" என்றார்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஷட்டில் கோர்ட். எல்.இ.டி. வெளிச்சத்தில் வாத்தியார்கள், பேங்க் ஊழியர்கள், கடைக்காரர்கள். பனியில் கைப்பிடி வழுக்குகிறது என்று தோற்றவர்கள் சொல்கிறார்கள். ஜெயித்தவர்களுக்கு வழுக்கவில்லை.

* * *

இதெல்லாம் பகலும் ராத்திரியும். ஆலங்குடியின் நிஜமான குளிர்கால விளையாட்டு நடப்பது விடியற்காலை ஐந்து மணிக்கு. அதற்குப் பரிசு அறிவிப்பு கிடையாது, மைக் கிடையாது.

இருட்டு ரோட்டில் பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வரும். தட தட தட... அப்புறம் ரெண்டு, நாலு, பத்துப் பையன்கள். சிலருக்கு ஷூ, சிலருக்கு வெறுங்கால். எல்லோரும் போலீஸ், ராணுவத் தேர்வுக்கு ஓடுகிறவர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால்தான் கயிறு ஏறுவதும் நீளம் தாண்டுவதும். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் பஸ். ராணுவத்துக்கு 1,600 மீட்டர். ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க். அந்த வேலையும் 2022-லிருந்து அக்னிபத் என்று நாலு வருஷக் கணக்காகிவிட்டது. அதற்கும் ஓடுகிறார்கள்.

ஏன் இத்தனை பேர் என்று டீக்கடையில் ஒரு பையனின் அப்பாவிடம் கேட்டேன். "கஜா வந்துச்சுல்ல தம்பி..." என்று ஆரம்பித்தார். 2018 நவம்பர் 16. ஒரே ராத்திரியில் இந்தப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு படுத்துவிட்டன. "தென்னம்புள்ள வச்சா, பெத்த புள்ள கைவிட்டாலும் அது கைவிடாதும்பாக. எங்க அப்பாரு வச்சது அம்புட்டும் விடியிறதுக்குள்ள போச்சு. அதான்... ஒருத்தனாச்சும் மாசச் சம்பளத்துக்குப் போகட்டும்."

இந்த மண்ணுக்கு ஓட்டம் புதுசு இல்லை. இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். ஊர் கொண்டாடி முடிப்பதற்குள் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். உலகமே டி.வி.யில் அவருடைய அந்தரங்கத்தை அலசியது. பிறகு அவரும் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பின்னால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அவர் ஓடும்போது கைக்குழந்தைகளாக இருந்த இந்தப் பையன்களுக்கு அந்த 2:03 தெரிந்திருக்கிறது. நான் கேட்காமலே சொன்னார்கள்.

அதில் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், கீரமங்கலம் பக்கத்துப் பையன். அந்தப் பக்கம் பூ விவசாயம். அவன் நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஆரம்பிக்கிறது. தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு முல்லை பறிக்கிறான். பனி நேரத்தில் பூ குறையும், விலை ஏறும், ஒரு கூடை விடக் கூடாது. அப்புறம் சைக்கிளில் வந்து ஓட்டம், ஓடி முடித்ததும் திரும்பப் பூக்காடு.

"டைமிங் என்ன தம்பி?"

"ஏழு நாலுண்ணே."

ஏழு நிமிஷம், நாலு வினாடி. நாலு வினாடியில் ஒரு கொட்டாவிகூட முழுசாக விட முடியாது.

போன வருஷம் வரைக்கும் இவன் மாடு பிடிக்கிறவன். நல்லாவே பிடிப்பான் என்றார்கள் மற்ற பையன்கள். ஒரு கட்டிலும் ரெண்டு அண்டாவும் வீட்டில் இருக்கின்றன. இந்த வருஷம் வாடிப் பக்கமே போகவில்லை. கால் பிசகினால் தேர்வு போய்விடும் என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாராம்.

"கஷ்டமா இல்லியா?"

"அன்னைக்கு பூக்காட்டுலதாண்ணே இருந்தேன். மைக் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்க சித்தப்பு மாடு வர்றப்ப மட்டும் காதப் பொத்திக்கிட்டேன்."

"ஏன்?"

"கேட்டா ஓடிருவேண்ணே."

கிளம்புகிற அன்று காலையிலும் ரோட்டுக்குப் போயிருந்தேன். பனி அதிகம். பாலத்துக்கு இந்தப் பக்கம் செல்போன் ஸ்டாப்-வாட்ச்சோடு ஒரு பையன் நின்றான், அந்தக் கோடியில் இன்னொருவன் டார்ச் அடித்தான். தட தட தட... மூன்றாவதாக வந்தவன் நம்ம ஆள். இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான். உடம்பிலிருந்து ஆவி பறந்தது.

"ஏழு ஒண்ணுடா மாப்ள!" என்றான் போன் வைத்திருந்தவன்.

"இன்னும் ஒரு வினாடிதானே தம்பி, வந்துரும்" என்றேன்.

"ஒரு வினாடின்னாலும் வெளியிலதாண்ணே நிப்பாட்டுவாங்க."

ரெண்டு மடக்குத் தண்ணீர் குடித்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். முல்லை இன்னும் ரெண்டு வரிசை பாக்கியாம்.